எங்கள் காலனியின் பிரதமர்

எங்கள் காலனிக்கு ஒரு பிரதமர் இருந்தார். நாட்டுக்கு இருந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். எங்களவர் போகவே இல்லை. தாம்பரத்தை அடுத்த கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி செம்பாக்கம் போகும் பாதையில், ஒரு சிற்றேரிக்குக் கீழே நூற்றுச் சொச்சம் மனைகள். அதற்கு ஒரு வீட்டுமனைச் சங்கம். அந்தச் சங்கத்துக்குத் தலைவர் அவர். 'பிரதமர்' என்பது டீக்கடையில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர். அது அவர் காதுக்குப் போனபோது கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவரோ அடுத்த கூட்டத்திலேயே செயற்குழுவை 'அமைச்சரவை' என்று அழைத்தார். கிண்டலைப் பதவியாக வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் அவருக்கு இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே மனை வாங்கி இரண்டு அறை கட்டிக் குடிவந்தபோது, அவர் வேலையிழந்த ஃபிட்டர். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடத்தி வெளியே வந்தவர். ஒரு பச்சை சைக்கிள், அதன் கைப்பிடியில் தகரத்தால் செய்த ஒலிக்கூம்பு. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லோரும் தோழர். என் எட்டு மாதக் குழந்தைகூடத் தோழர்தான். சாதிப் பெயரைச் சொல்லாமல் பேசுகிற ஒருவரைப் பார்ப்பது அன்று எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதை இன்றும் மறுக்க மாட்டேன்.

அவர் மேலே வந்தது பஸ்ஸால். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினால் காலனிக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மனுக்கள் போட்டு அலுத்திருந்தோம். ஒருநாள் அவர் தெருத் தெருவாகப் போய், "நாளைக்குக் காலைச் சாப்பாடு வீட்டில் கிடையாது தோழர்களே, டிபன் கேரியரோடு வாருங்கள்" என்று கூம்பில் கத்தினார். மறுநாள் எட்டரை மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் பஸ்கள் திரும்புகிற இடத்தில் எங்களை வரிசையாக உட்காரவைத்தார். நடுரோட்டில் அறுபது பேர் இட்லி சாப்பிட்டோம். நான் தயிர்சாதம். போலீஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அந்த மாதமே காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை பஸ் வந்துவிட்டது. முதல் பஸ்ஸின் முன்கண்ணாடியில் அவர் மாலை போட்டார். நாங்கள் அவருக்குப் போட்டோம். அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் ஒருபோதும் யாரும் நிற்கவில்லை.

நின்றிருக்கவும் முடியாது. எங்கள் சங்கத்தில் வாக்குச்சீட்டு கிடையாது. கை தூக்குவதுதான். "ஒளித்து ஓட்டுப் போடுவது முதலாளிகளின் பழக்கம் தோழர். உழைப்பவன் கை வெளியே தெரிய வேண்டும்" என்பார். தூக்கிய கைகளை அவர் எண்ணியதே இல்லை. தூக்காத கைகளைத்தான் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்று. அந்தச் சுற்று முடிவதற்குள் மிச்சமிருந்த கைகளும் மேலே போய்விடும். பிறகு செயலாளரைப் பார்த்து, "ஏகமனதாக என்று எழுதுங்கள்" என்பார். அவர் காலத்துத் தீர்மானப் புத்தகத்தை இன்று புரட்டினாலும் வேறு சொல்லைப் பார்க்க முடியாது.

சட்டங்கள் வந்தன. முழங்காலுக்கு மேல் மதில் கட்டக்கூடாது, ஏனென்றால் மதில் தனியுடைமையின் முதல் செங்கல். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒருவர் பொது வேலைக்கு வர வேண்டும். பேங்க் மானேஜர் சாக்கடை வாருவார், அவர் ஆபீஸ் பியூன் மேற்பார்வை பார்ப்பார். அதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். சமத்துவம் வந்துவிட்டதாகவே நினைத்தோம். பிரதமர் கூம்போடு வரப்பில் நிற்பார். அவர் மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். மனை வரைபடங்களைச் சங்கத்துக்காக நான்தான் சும்மா வரைந்து கொடுத்தேன். அதனால் எனக்குப் 'பொதுப்பணித் துறை' கிடைத்தது. கூட்டத்தில் அவர், "நம் பொதுப்பணி அமைச்சர் எழுந்து காட்டட்டும்" என்று சொன்னபோது எழுந்து நின்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை இரண்டு முறை சொன்னேன். அவள் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். "சம்பளம் உண்டா அமைச்சருக்கு?" என்று கேட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள்.

இனி கால்வாய். ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறி, எங்கள் காலனியின் நடுவே முப்பதடி அகலக் கால்வாயில் ஓடி, அந்தப் பக்கம் தாழ்வான நிலங்களுக்குப் போகும். வருடத்தில் பத்து மாதம் காய்ந்துதான் கிடக்கும். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சங்கத்தில் பிந்திச் சேர்ந்த சில குடும்பங்களுக்கு மனை இல்லை. எல்லோருக்கும் மனை என்று பிரதமர் வாக்குக் கொடுத்திருந்தார். புது நிலம் வாங்க வழியில்லை. ஒருநாள் அவர் அந்தக் கால்வாயின் நடுவில் போய் நின்றார்.

"இது யாருக்காக வெட்டிய கால்வாய்? பண்ணையார் வயலுக்கு. வயல் எங்கே? இல்லை. பண்ணையார் எங்கே? இல்லை. பிறகு கால்வாய் மட்டும் எதற்குத் தோழர்களே?"

தர்க்கம் என்னமோ கச்சிதமாக இருந்தது. கைதட்டினோம்.

கைதட்டாமல் நின்றது எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாள். பழைய ஊர்க் குடும்பம் அவர்களுடையது. நிலமெல்லாம் மனையாகிப்போக, அவளும் அவள் வீட்டுக்காரரும் நாலு எருமையோடு ஏரிக்கரையில் இருந்தார்கள். பால் கேனை இடுப்பில் வைத்தபடி சொன்னாள்: "சார், இது வயலுக்குப் போற கால்வா இல்ல சார். ஏரி ரொம்பிச்சின்னா வழியிற தண்ணி போற வழி. இத்த மூடிட்டா அது எங்க போவும்? உங்க வூட்டுக்குள்ளாறதான் வரும்."

"அம்மா, பயமுறுத்திப் பயமுறுத்தித்தான் உங்கள் பாட்டன்கள் நிலத்தை வைத்திருந்தார்கள்" என்றார் பிரதமர். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க பாட்டன் வச்சிருந்தாரு, நான் எருமை வச்சிகினு கீறேன். யாரு சார் யாரை பயமுறுத்தறது?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனாள்.

அடுத்த ஞாயிறு காலை பிரதமர் என் வீட்டுக்கு வந்தார். மேஜையில் காலனியின் மூல வரைபடம், டிரேசிங் பேப்பரில், என் கையால் வரைந்தது. நடுவில் இரட்டைக் கோடாகக் கால்வாய். அதன் மேல் விரலை வைத்தார்.

"இதை எடுத்துவிட முடியுமா தோழர்?"

"எடுக்கலாம். ஆனால் பஞ்சாயத்து ஆபீஸில் கேட்டால்..."

"அங்கே நம் வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். ஏரியை வந்தா பார்க்கப் போகிறார்கள்? ஒரு கோடுதானே."

மையில் போட்ட கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. பாதியாக உடைத்த பிளேடால் சுரண்ட வேண்டும். தாள் கிழியாமல், படுக்கவைத்த பிளேடால், ஒரே திசையில், மெல்ல. பிறகு அந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால், மேலே புதுக் கோடு போடும்போது மை பரவாது. அது எனக்குக் கைவந்த வேலை. அவர் காபி குடித்து முடிப்பதற்குள் கால்வாய் போய்விட்டது. அந்த இடத்தில் ஆறு மனைகளும், நடுவில் 'பொது மண்டபம் மற்றும் படிப்பகம்' என்று ஒரு செவ்வகமும் போட்டேன். எழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவுதான் என் விலை.

மூன்று மாத ஞாயிறுகளில் கால்வாயைத் தூர்த்தோம். பாட்டுப் பாடிக்கொண்டே செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானே எத்தனையோ கூடை மண் சுமந்தேன். என் மகளும் ஒரு சின்னச் சட்டியில் மண் கொண்டுவந்து போட்டாள். கைதட்டல் வாங்கினாள்.

இரண்டு வருடம் ஏரி நிறையவில்லை. பிரதமர் சரி, பால்காரம்மா தப்பு என்று ஆனது. படிப்பகத்தில் மாலை வகுப்புகள் நடந்தன. மூன்றாம் வருடம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஆனால் படிப்பகத்தில் ஒத்திகை மட்டும் நிற்கவில்லை. பிரதமரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் குழந்தைகள் கோரஸ் பாட வேண்டும். என் மனைவி தயங்கினாள். நான் அவரிடம் போய்க் கேட்டேன்.

"மழைக்குப் பயந்து வீட்டில் உட்காருகிற தலைமுறையையா நாம் வளர்க்கிறோம் தோழர்?"

மகளுக்கு எட்டு வயது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நானே விட்டேன். வரும் வழியில் டீ குடித்தேன்.

மூன்று மணிக்கு ஏரி கலங்கலைத் தாண்டியது. அது வந்த வேகத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. வெள்ளம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் என்று நினைத்திருந்தேன். அது பழைய கால்வாய் இருந்த கோட்டில், நான் சுரண்டிய அதே கோட்டில், நேராக வந்தது. படிப்பகத்தின் கதவு உள்பக்கம் திறப்பது. தண்ணீர் பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவோடு சேர்த்து அழுத்திவிட்டது. உள்ளே பதினோரு குழந்தைகள், ஒரு டீச்சர்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கம்பியைப் பிடித்திருந்தாள். கழுத்து வரை தண்ணீர். என்னைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. இரண்டு முறை இறங்கி, இரண்டு முறையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். எதிர்த் திண்டில் நின்று, "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ" என்று கத்தினேன். அதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.

செய்தவர் பால்காரம்மாவின் வீட்டுக்காரர். எருமை கட்டும் கயிறுகளை முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுமுனையை அவளிடம் கொடுத்துவிட்டு நீந்திப்போனார். கூரை ஆஸ்பெஸ்டாஸை உடைத்து, ஒவ்வொரு குழந்தையாக மேலே தூக்கினார். அவள் வேப்பமரத்தில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "குட்டிங்கள மொதல்ல தூக்குயா, டீச்சரம்மா ஒசரம்தான், நிப்பாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். என் மகள் ஒன்பதாவதாக வந்தாள். எல்லோரும் பிழைத்தார்கள். அவருக்கு வலது முன்கை ஆஸ்பெஸ்டாஸில் கிழிந்து எலும்பு தெரிந்தது.

எல்லாம் முடிந்தபின் பிரதமர் முழங்கால் தண்ணீரில் கூம்போடு வந்தார். "அமைதி காக்கவும்" என்றார்.

பத்து நாள் கழித்துப் படிப்பகத்திலேயே பொதுக்குழு கூடியது. சுவரெல்லாம் சேற்றுக் கோடு. பிறந்தநாள் தோரணங்கள் இன்னும் ஈரமாகக் கூரையில் ஒட்டிக்கிடந்தன. மகள் அந்த நாட்களில் என்னை விட்டு ஒரு அடி நகர மாட்டாள். மண்டபத்துக்குள் வர மறுத்து அழுததால் வாசற்படியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரதமர் பேசினார். தண்ணீர் தானாக வரவில்லையாம். ஏரிக்கரையை யாரோ வெட்டிவிட்டார்களாம். காலனியைக் கலைக்க நிலவுடைமைச் சக்திகளின் சதியாம். "ஏரிக்கரையில் இருப்பது யார் தோழர்களே? கால்வாயை மூடாதே என்று மிரட்டியது யார்? சரியான நேரத்தில் கயிறோடு தயாராக வந்து நின்றது யார்?"

அந்தக் குடும்பத்தைக் கண்டிப்பது, காலனிக்குள் அவர்கள் பால் வரக்கூடாது, ஆதரிப்போர் கை தூக்கலாம் என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்வையைச் சுற்றினார். அது வாசற்படிக்கு வந்தது. வரைபடத்தைச் சுரண்டியவன் யாரென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இடது கையால் மகளை அணைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினேன்.

ஏகமனதாக.

அதற்குப் பிறகும் அவர் வருடக்கணக்கில் ஆண்டார். சேலையூரில் மகன் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குக் குடிபோய், அங்கிருந்து வந்து கூட்டம் நடத்தினார். மேட்டுப் பகுதி, நல்ல இடம். வீட்டைச் சுற்றி ஆளுயர மதில் இருந்தது. பார்க்கப் போன ஒருவர் அதைப் பற்றிக் கேட்டதற்கு, மகன் பிற்போக்காளன் என்று சொன்னாராம். தொண்ணூறுகளின் கடைசியில் தூக்கத்திலேயே இறந்தார். ஊர்வலத்தில் அழாதவர்கள் குறைவு. பஸ்ஸை மறக்க முடியுமா என்றார்கள். பஸ்ஸை நானும் மறக்கவில்லை.

சில மாதம் கழித்துப் புதுச் செயலாளர் வீட்டுக்கு வந்தான். பிரதமர் காலத்தில் டவுசரோடு திரிந்தவன், இப்போது ரியல் எஸ்டேட். "சார், தலைவருக்கு ஒரு சிலை. பின்னால படிப்பகத்தை இடிச்சுட்டு குழந்தைங்க காப்பகம், அவர் பேர்ல. வேலைக்குப் போற அம்மாங்க எல்லாரும் கேக்கறாங்க. பிளான் நீங்கதான் போட்டுத் தரணும். அவர் ஃபேவரைட் நீங்கதானே."

அதே இடத்தில் காப்பகம். தவழுகிற குழந்தைகள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பழைய டிரேசிங்கை டிரங்கிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தேன். தாள் பழுத்திருந்தது. மகள் வந்து எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் அப்போது. மழை பெய்தால் இன்றும் நாற்காலியில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுத்தான் உட்காருவாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது. தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"இதென்னப்பா, நடுவுல மட்டும் இப்படி மெல்லிசா இருக்கு? ரோடு மாதிரி நீளமா?"

சொன்னேன். பிளேடு, காபி, எழுத்து அழகு, எல்லாம். அவள் தாளைக் கீழே வைக்கவே இல்லை.

"அதுக்கப்புறம்தான் அந்த மீட்டிங்கா?"

"ஆமாம்."

"நீங்க கை தூக்கினப்ப இன்னொரு கை என்னை இறுக்கிச்சுப்பா. நான் விழாம இருக்கப் பிடிக்கறீங்கன்னு நினைச்சேன்."

மூன்றாம் நாள், "காப்பகத்துக்கு பிளான் போடப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பொதுக்குழு அதே படிப்பகத்தில் கூடியது. மகளும் வந்தாள், உள்ளே வரவில்லை. வெளியே ஜன்னலோரம் நின்றாள். நான் சுருட்டிய டிரேசிங்கை மடியில் வைத்திருந்தேன். எழுந்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

முதலில் சிலை. பீடம் எவ்வளவு உயரம் என்று பேச்சு வந்தது.

"மூணு அடி போதும் சார்" என்றான் செயலாளர்.

"மூணு எப்படிப் போதும்?" என்று எழுந்தார் ஓய்வுபெற்ற பேங்க் மானேஜர். "அந்தத் தடவை தண்ணி எங்க வரைக்கும் நின்னுது? தலைவர் கால் நனையலாமா?"

"நாலு அடி வந்துச்சு."

"நாலா? எங்க வீட்ல மீட்டர் பெட்டியே முங்கிடுச்சு. அஞ்சு."

"அஞ்சே கால் இருக்கும். நான் சுவத்துல கோடு போட்டு வச்சிருக்கேன்."

ஆளாளுக்கு அளவு சொன்னார்கள். எல்லோருக்கும் அங்குல சுத்தமாக ஞாபகம் இருந்தது. கரையை வெட்டியதால் ஒருமுறை வந்தது, இனி வராது என்று ஏகமனதாக எழுதிய அதே ஜனங்கள்.

ஜன்னலிலிருந்து என் மகளின் குரல் கேட்டது: "மூணாவது குறுக்குக் கம்பி வரைக்கும். நான் அதைத்தான் பிடிச்சிட்டிருந்தேன்."

திரும்பிப் பார்த்தார்கள். கம்பி அங்கேதான் இருந்தது, தரையிலிருந்து என் தாடை உயரத்தில். நான் எழுந்துபோய் டிரேசிங்கை அந்த ஜன்னலில் விரித்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் அவள் நின்றாள். வெளிச்சத்தில் கால்வாய் வெள்ளையாகத் தெரிந்தது.

"இங்கே கால்வாய் இருந்தது. அதைச் சுரண்டியவன் நான். கரையை யாரும் வெட்டவில்லை. சிலைக்கு ஐந்தேகால் அடி வேண்டும் என்கிறீர்கள். குழந்தைகளைத் தரையில் விடப் போகிறீர்கள். நான் பிளான் போட மாட்டேன். பஞ்சாயத்து ஆபீஸில் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்."

"பத்து வருஷமா எங்க சார் இருந்தீங்க?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அப்ப என் மனை?" என்று கால்வாயில் வீடு கட்டிய ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். தாளைக் கிழியாமல் சுருட்டிக்கொண்டேன். இன்றும் அவர் என்னோடு பேசுவதில்லை.

காப்பகத் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது நாலைந்து கைகள்தான் எழுந்தன. கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறவர் இல்லாததால் மிச்சக் கைகள் மேலே போகவில்லை. 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதினான் செயலாளர். அந்தப் புத்தகத்தில் அது புதுச் சொல். சிலை மட்டும் ஏகமனதாக நிறைவேறியது, பீடம் ஐந்தரை அடி.

அந்த மாலையே ஏரிக்கரைக்குப் போனேன். மகளும் வந்தாள். பால்காரம்மா தொழுவத்தில் நின்று, பார்த்ததும் சொன்னாள்: "இன்னா சார், இத்தினி வருசம் கழிச்சி பால் வோணுமா?" அவள் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முன்கைத் தழும்பு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. நான் பேச ஆரம்பித்ததும், "உட்றுங்க சார், அத்த அப்பவே தெரியும்" என்றார். எதை அப்பவே தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் அவர் பக்கத்தில் போய்க் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஒம்பதாவது பாப்பாதானே நீ? கம்பிய உடவே மாட்டேன்னியே" என்று சிரித்தார்.

பஞ்சாயத்து ஆபீஸில் தாளைக் கொடுத்தேன், முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்கள். சிலை வந்துவிட்டது. கையில் கூம்போடு, தண்ணீருக்கு மேலே, காலனியிலேயே பத்திரமான இடத்தில் நிற்கிறார். படிப்பகத்தில் மாலை வகுப்புகள் நடக்கின்றன. கதவை மட்டும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் செய்தேன். கார்த்திகை பிறந்தால் ஆபீஸ் விட்டு வந்ததும் ஏரிக்கரைக்குப் போய்க் கலங்கலைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். வீட்டில் மகள் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருப்பாள். "எவ்வளவு இருக்குப்பா?" என்று புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல் கேட்பாள். அடிக்கணக்கில் சொல்வேன். குறைத்துச் சொல்வதில்லை.